கட்டிளமையோர் பழக்கங்களும் தற்கொலையும்: ஓர் அறவியல் நோக்கு

ஓர் இளம் உயிர் தன்னைத் தானே முடித்துக்கொண்ட வீட்டில், அழுகுரலுக்கு அடுத்து எழுவது 'ஏன்' என்னும் வினாவாகும். திடீர் மரண விசாரணை அதிகாரி தமது அறிக்கையில் ஒரு காரணத்தை எழுதிக்கொள்கின்றார். பரீட்சைத் தோல்வி, காதல் முறிவு, தந்தையுடன் நேர்ந்த வாக்குவாதம் என்று அது ஒரு வரியில் முடிந்துவிடும். பந்தலின் கீழ் அமர்ந்திருப்போருக்கோ அந்த ஒரு வரி போதுவதில்லை. அவர்கள் இறந்த பிள்ளையின் அன்றாட வாழ்வைக் கிளறத் தொடங்குகின்றனர். "இரவிரவாக முழிச்சிருப்பான்", "எந்த நேரமும் கையிலை போன்தான்", "நேரத்துக்குச் சாப்பிடமாட்டாள்", "ஒருத்தரோடையும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை" என்று குரல்கள் எழுகின்றன. மாலைக்குள் ஒரு தீர்ப்பு உருவாகிவிடுகின்றது. பிள்ளையின் பழக்கங்கள் பிழைத்தன. அதனால் பிள்ளை பிழைக்கவில்லை.

இப்பேச்சு கொடிய நோக்குடன் எழுவது என்று கூறுதல் பொருந்தாது. காரணம் தெரியாத மரணம் எல்லா வீட்டையும் அச்சுறுத்துவது. காரணம் அந்தப் பிள்ளையின் பழக்கத்திலேயே இருந்ததெனில் ஏனைய வீடுகள் பாதுகாப்பானவை என்று நம்பலாம். எனினும் அந்த ஆறுதலின் விலையைச் செலுத்துபவர் இறந்தவரும் அவரைப் பெற்றவருமே. பிள்ளையை இழந்த தாய், பிள்ளை குற்றவாளி என்றும், பழக்கத்தைத் திருத்தாத தான் அதற்கு உடந்தை என்றும் இரு தீர்ப்புக்களைச் சுமந்தே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டியவளாகிறாள்.

கட்டிளமைப் பருவத்தினரின் உறக்கம், உடற்பயிற்சி, நட்பு, போதைப்பொருட் பாவனை ஆகியவற்றுக்கும் தற்கொலை ஆபத்துக்கும் தொடர்பு உண்டென அண்மைக்கால மருத்துவ ஆய்வுகளும் கூறுகின்றன. மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு, மரண வீட்டுப் பேச்சை விஞ்ஞானம் உறுதிப்படுத்திவிட்டதாகவே தோன்றும். இத்தோற்றம் உண்மையானதா? பழக்கத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருக்குமாயின், அப்பழக்கத்துக்குப் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடர்பு என்பது யாது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டொன்றுக்கு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கின்றனர். 2021 ஆம் ஆண்டுத் தரவுகளில், 15 முதல் 29 வயது வரையானோரின் இறப்புக்கான காரணங்களுள் இது மூன்றாவது இடத்தைப் பெற்றது. அந்நிறுவனம் 2003 ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் பாடசாலை மாணவரின் சுகாதாரம் பற்றிய ஆய்வுகளை நடாத்தி வந்துள்ளது. இலங்கையும் அவற்றிற் பங்குபற்றியுள்ளது. இத்தகைய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வெளிப்படும் செய்திகள் சில உள. நெருங்கிய நண்பர் இல்லாதோர், சக மாணவரின் துன்புறுத்தலுக்கு ஆளாவோர், இளவயதிலேயே மதுவையும் புகைத்தலையும் தொடங்கியோர், போதிய உறக்கம் பெறாதோர் ஆகியோரிடையே தற்கொலை எண்ணம் ஏனையோரிலும் கூடுதலாகக் காணப்படுகின்றது.

உறக்கம் பற்றிய செய்தி தனித்து நோக்கத்தக்கது. 13 முதல் 18 வயது வரையானோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் வேண்டும் என 2016 இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் வரையறுத்தது. பூப்புப் பருவத்தை எய்தியதும் உடலின் உள் நேரக் கணிப்பு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் வரை பின்தள்ளிப் போகின்றது. முன்னிரவில் உறக்கம் வராமையும் விடியலில் விழிக்க முடியாமையும் அப்பருவத்தின் உடலியல் இயல்புகளாம். பெரியோர் சோம்பல் என்று பெயரிடுவதிற் பெரும்பகுதி வளர்ச்சியின் ஒரு கட்டமே. இதனைக் கருத்திற்கொண்டே 2014 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இடைநிலை, உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30 மணிக்கு முன்னர் தொடங்கலாகாது என விதந்துரைத்தது.

எனினும் 'தொடர்பு' என்னும் சொல்லைக் கவனத்துடன் கையாளல் வேண்டும். உறக்கமின்மை மனச்சோர்வைத் தோற்றுவிக்கலாம். மனச்சோர்வே உறக்கத்தைக் கெடுக்கவும் செய்யலாம். அல்லது வீட்டில் நிகழும் வன்முறை போன்ற மூன்றாவதொன்று இரண்டையும் ஒருங்கே விளைவிக்கலாம். ஒருவரோடும் பேசாத பிள்ளை பேசாமையினால் நோயுற்றதா, நோயுற்றமையாற் பேசாதிருந்ததா என்பதை வெளியிலிருந்து காண்பவர் அறியார். கைத்தொலைபேசி பற்றிய ஆய்வுகளும் ஒருமுகப்பட்டவையல்ல. அது இரவு உறக்கத்தைப் பறிக்கும்போதும், இழிவுபடுத்தலுக்குக் கருவியாகும்போதும் தீங்கு தெளிவாகத் தெரிகின்றது. வேறொரு பிள்ளைக்கோ அக்கருவியே உலகிற் பேசக் கிடைத்த ஒரே துணையாக இருந்திருக்கலாம்.

இன்னுமொரு வரையறையும் உண்டு. புள்ளிவிபரம் கூட்டத்தைப் பற்றியது. ஆயிரம் பிள்ளைகளைப் பற்றி அது கூறும் உண்மை, அவ்வாயிரவருள் ஒருவன் ஏன் இறந்தான் என்பதற்கு விடையாகாது. குறைவாக உறங்கும் மாணவருள் மிகப் பெரும்பாலோர் உயிர்வாழ்கின்றனர். ஒழுங்காக உறங்கியவருள்ளும் இறந்தோர் உளர். ஆய்வாளன் கூட்டத்தை நோக்கிக் கூறிய ஒன்றை மரண வீட்டார் தனியொரு பிள்ளையின் மீது தீர்ப்பாக மாற்றும்போது, விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு தருக்கப் பிழை நிகழ்கின்றது. அப்பிழை இறந்தவரைக் குற்றவாளியாக்குவதால் அது அறப்பிழையும் ஆகின்றது.

மெய்யியலாளர் கண்ட தற்கொலை

தற்கொலை பற்றி மெய்யியலாளர் வழங்கிய தீர்ப்புக்கள் பல. பிளேற்றோவின் 'பீடோ' உரையாடலிற் சோக்கிரதீஸ், மனிதர் தெய்வங்களின் உடைமையாதலின் தாமாகப் புறப்பட்டுச் செல்லும் உரிமை அவர்க்கில்லை என வாதிடுகிறார். தன் உயிரை அழிப்பவன் தன்னையே வெறுங் கருவியாகப் பயன்படுத்துகின்றான் என்பது கான்ற் கூறிய காரணம். டேவிட் ஹியூம் எழுதி, அவர் மறைவின் பின்னர் 1777 இல் வெளியான கட்டுரையோ, இச்செயல் கடவுளுக்கோ அயலார்க்கோ தனக்கோ செய்யும் கடமை மீறலாகாது என எதிர்வாதம் புரிந்தது. 1942 இல் அல்பேர் காமு இதனை மெய்யியலின் தலையாய பிரச்சினையாக முன்வைத்து, வாழ்வு அர்த்தமற்றதாகத் தோன்றினும் சாவு அதற்கு விடையாகாது என்னும் முடிவை எய்தினார்.

தமிழ் மரபிலும் இது தொடர்பான சிந்தனை உண்டு. தன் மக்களுடன் பகைமை மூண்ட நிலையிற் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும், பிசிராந்தையார் அவனோடு இருந்து உயிர் நீத்ததையும் புறநானூறு காட்டுகின்றது. அது புலவர் சூழ, ஊரறிய, நாட்கள் பலவாக நிகழ்ந்தது.

இத்தீர்ப்புக்கள் தம்முள் முரண்படினும், இவை அனைத்துக்கும் அடியில் ஒரே எடுகோள் கிடக்கின்றது. முதிர்ந்த அறிவுடைய ஒருவன், வாழ்வையும் சாவையும் துலாக்கோலின் இரு தட்டுக்களில் இட்டு நிறுத்து, நின்று நிதானித்து முடிவு செய்கின்றான் என்பதே அவ்வெடுகோளாகும். அவன் செய்தது சரியா பிழையா என்றே அவர்கள் வினவினர்.

பதினாறு வயதுப் பிள்ளையின் நிலை இதுவன்று. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தி விளைவுகளை எடைபோடும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரையில் முதிர்ச்சியடைந்து வருவதாக நரம்பியல் கூறும். இளையோரிடத்து இம்முயற்சிகள் பல, ஓர் அவமானத்தின் அல்லது ஒரு சண்டையின் பின்னர், குறுகிய நேரத்துள், தனிமையில் எழுபவை. அந்த நேரத்தைக் கடந்து உயிர் தப்பியவருள் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல ஆய்வுகள் காட்டிய உண்மை. சாவதே நிலைத்த விருப்பமாக இருந்திருப்பின் இவ்வாறு நேர்ந்திராது. தாங்கவொண்ணாத ஒரு வேதனை முடிவடைய வேண்டும் என்பதே அவர்களின் விருப்பமாக இருந்திருத்தல் வேண்டும்; அவ்வேதனைக்கு வேறு வாயில்கள் அந்நேரத்தில் அவர்களுக்குத் தென்படவில்லை. ஆகவே இங்கு எழுப்பத்தக்க வினா 'அவன் செய்தது சரியா?' என்பதன்று, 'அந்த நேரத்தில் அவனைச் சூழ இருந்தவை எவை, அவற்றை அங்கு வைத்தவர் எவர்?' என்பதேயாகும்.

இவ்வினாவை முதன்முதலாக விரிவாக எழுப்பியவர் எமில் டுர்கைம். 1897 இல் வெளியிட்ட தமது நூலில், தற்கொலை என்னும் மிக அந்தரங்கமான செயலிலும் சமூகத்தின் கை உண்டு என அவர் நிறுவ முயன்றார். மனிதனைச் சமூகத்துடன் பிணைக்கும் கட்டுக்கள் தளர்ந்துபோதலையும், ஆசைகளுக்கு எல்லை வகுக்கும் ஒழுங்குகள் குலைந்துபோதலையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். ஒழுங்கு அளவு கடந்து இறுகி எதிர்காலம் அடைபட்டுப் போவோரின் தற்கொலையை மட்டும், சமகால முக்கியத்துவம் குறைந்ததெனக் கருதி, ஓர் அடிக்குறிப்புடன் விட்டுச்சென்றார். ஒவ்வொரு மணித்தியாலமும் வேறொருவரால் நிரப்பப்பட்ட நாளையும், ஒரே ஒரு பரீட்சையில் அடைபட்ட எதிர்காலத்தையும் உடைய இன்றைய மாணவனை நோக்கும்போது, அந்த அடிக்குறிப்பே தனியோர் அத்தியாயமாக விரியத்தக்கது எனலாம்.

பழக்கமும் வழக்கமும்

அறவொழுக்கம் இயற்கையாக அமைவதன்று, பழக்கத்தால் உருவாவது என்பது அரிஸ்ரோட்டிலின் கொள்கை. நீதியான செயல்களைச் செய்து பழகுபவன் நீதிமானாகின்றான். இக்கொள்கையை எடுத்தாள்வோர் இதன் மறுபாதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். குடிமக்களுக்கு நற்பழக்கங்களை ஊட்டுதல் சட்டம் இயற்றுவோனின் கடமை என்பதையும், அதிற் பிழைப்பவன் தன் தொழிலிலேயே பிழைக்கின்றான் என்பதையும் அவர் அதே இடத்திற் கூறுகின்றார். பழக்கம் தனியாளின் உடலில் வேரூன்றுவது. ஆனால் விதைப்பவன் அவன் ஒருவன் மட்டுமல்லன்.

தமிழர் அன்றாடப் பழக்கத்தை அறத்திலிருந்து பிரித்து நோக்கியவரல்லர். பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை துயிலெழுதல், நீராடல், உண்ணல், உறங்கல் ஆகியவற்றை ஒழுக்கத்தின் பகுதிகளாகவே வகுத்துரைக்கும். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையும் நித்திய கருமங்களுக்குத் தனி இயல் ஒதுக்குகின்றது. ஆயின் ஆசாரக்கோவை மனத்திற்கொண்ட மாந்தன் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் வாய்ப்புடைய இல்லறத்தான். பொழுதைத் தன் கையில் வைத்திருந்தவனிடமே பொழுதைப் பற்றிய கணக்குக் கேட்கப்பட்டது.

தமிழில் 'பழக்கவழக்கம்' என இரு சொற்கள் இணைந்தே வழங்குகின்றன. ஒருவன் பயின்று தனதாக்கிக்கொண்டது பழக்கம்; பலர் கூடி வழங்கி வருவது வழக்கம். இவ்விணைப்பினுள் ஓர் ஆழ்ந்த உண்மை பொதிந்துள்ளது. இளையோரிடத்துக் காணப்படும் பழக்கம் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து சென்றால், அதன் மூலத்தில் மூத்தோரின் வழக்கம் ஒன்று நிற்கக் காணலாம்.

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவனின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 5.30 மணிக்கு ரியூசன் வகுப்புத் தொடங்குகின்றது. அதற்கு அவன் 4.30 மணிக்கு எழ வேண்டும். 7.30 முதல் 1.30 வரை பாடசாலை. உணவின் பின்னர் மீண்டும் தனியார் கல்வி நிலையம். இருள் சூழ்ந்த பின்னர் சைக்கிளில் வீடு திரும்பி, முகங் கழுவி உண்டு, அன்றைய பாடங்களை மீட்டுக் கணக்குகளைச் செய்து முடிக்கையில் இரவு 11.30 ஆகின்றது. எஞ்சுவது 5 மணித்தியாலம். மருத்துவர் வேண்டும் என்று கூறுவதோ 8. மூன்று மணித்தியாலக் குறை அந்த மாணவனின் ஒழுக்கக் கேட்டால் விளைந்ததன்று; கூட்டல் கழித்தலால் விளைந்தது. விளையாட்டு மைதானத்துக்கு அந்த நாளில் இடமில்லை. நண்பனுடன் மதிலோரம் நின்று கதைப்பதற்கும் இடமில்லை. அந்த அரைமணி நேரத்தை அவன் எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமாயின், உறங்க வேண்டிய நேரத்திற் போர்வைக்குள் ஒளிரும் தொலைபேசித் திரையிலிருந்தே எடுக்கின்றான். மரண வீட்டார் குறிப்பிடும் 'இரவிரவாக முழிச்சிருக்கும் பழக்கம்' பிறந்த கதை பல வீடுகளில் இதுவே.

பெண்பிள்ளையின் நிலை இதனினும் நெருக்கமானது. பெரியபிள்ளையான நாள் முதல் அவளுடைய ஓட்டமும் ஆட்டமும் பல குடும்பங்களில் நிறுத்தப்படுகின்றன. அவள் எவரோடு பேசலாம், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், எதற்காகச் சிரிக்கலாம் என்பவற்றை அயலும் உறவும் அளந்து வகுக்கின்றன. பின்னர் உடற்பயிற்சி இன்மையும் தனிமையும் அவளுடைய 'பழக்கங்கள்' என வினாக்கொத்திற் பதிவாகின்றன. மலையகத்து லயன் அறையிலோ ஒரே கூரையின் கீழ்ப் பலர் படுத்தெழும் நெருக்கத்தில், படிப்பதற்கும் அழுவதற்கும் உறங்குவதற்கும் தனியிடம் வாய்ப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே மது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்ட இடத்தில், அதனைத் தொடாதிருக்கப் பழகுவதற்கும் அசாதாரண உறுதி வேண்டும். இவ்விளையோரிடம் 'உன் பழக்கத்தைத் திருத்து' என்று மட்டும் கூறுவது, வாசலைப் பூட்டிவிட்டு வெளியே வராதவனைக் கடிந்துகொள்வதை ஒக்கும்.

இந்நாட்டு அனுபவம்

சூழலை மாற்றினால் உயிர் காக்கலாம் என்பதற்கு இலங்கையின் அண்மைக்கால வரலாறே வலிமையான சான்று. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் நிலையை எட்டி, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிற்று. இறந்தோருள் இளையோரின் பங்கு பெரிதாக இருந்தது. அக்காலத்திலும் இளைஞரின் மனவுறுதிக் குறைவு, குடும்பக் கட்டுப்பாட்டின் சிதைவு எனக் காரணங்கள் பல பேசப்பட்டன. வீழ்ச்சியைக் கொணர்ந்ததோ வேறொன்று. நச்சுத்தன்மை மிக்க பயிர்ப்பூச்சிகொல்லிகளின் இறக்குமதியை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்து வந்த இரு தசாப்தங்களில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை இதனாற் காக்கப்பட்ட உயிர்கள் 93,000 அளவின என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

தமக்குத் தாமே தீங்கிழைத்து மருத்துவமனை சேர்ந்தோரின் தொகை அவ்வாறு குறையவில்லை என்பது இங்கு ஊன்றி நோக்கற்பாலது. துயரம் குறையவில்லை, போரும் வறுமையும் அக்காலத்தின் பெரும்பகுதியில் நீடித்தன. எவருடைய குணமும் ஓரிரவில் மேம்பட்டுவிடவுமில்லை. ஆயினும் துயரத்தின் உச்ச நேரத்தைக் கடந்து மறுநாட் காலையைக் கண்டோரின் தொகை பெருகியது. ஒழுக்க உபதேசங்களாற் காக்க முடியாத உயிர்களை, யாரோ ஓர் அலுவலகத்தில் இருந்து இறக்குமதிப் பட்டியலைத் திருத்திய முடிவொன்று காத்தது. அவ்வுயிர்கள் முன்னரும் காக்கப்பட்டிருக்கலாம் என்னும் கசப்பான உண்மையும் அதனுள் அடங்கியுள்ளது.

வடபகுதியின் அனுபவம் வேறொரு கோணத்திலிருந்து இதனையே உணர்த்துகின்றது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மற்றொருவருடன் இணைந்து 1995 இல் வெளியிட்ட ஆய்வு, போர்க் காலத்தில் வட இலங்கையில் தற்கொலைகள் குறைந்திருந்தமையை எடுத்துக்காட்டியது. போர்க்காலங்களில் தற்கொலை குறையும் என டுர்கைம் முன்னரே கூறியிருந்தார். இதனாற் போர் நன்று என்பது பொருளன்று. அப்போர் கொன்ற இளையோரின் தொகையை எந்தப் புள்ளிவிபரமும் ஈடுசெய்யாது. தனியாளின் மனம் சமூகத்துடன் எவ்வாறு பிணைந்துள்ளது என்பதே உயிரின் நிலைபேற்றையும் பாதிக்கின்றது என்பதுதான் இதிலிருந்து பெறத்தக்க முடிவு. பதுங்குகுழியில் அயலவர் அருகிருந்தனர். அமைதிக் காலத்தின் அறையிலோ, கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை தனித்திருக்கின்றது.

சட்டமும் தன் நிலையை மாற்றிக்கொண்டுள்ளது. தற்கொலைக்கு முயன்று தப்பியவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. வேதனையுற்றவனைக் குற்றவாளியாகக் காண்பதை அரசு அவ்வாண்டிற் கைவிட்டது. மரண வீட்டுப் பந்தல் இன்னும் கைவிடவில்லை.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

பொறுப்பு முழுவதையும் சூழல் மீது சுமத்தினால் இளைஞன் வெறும் பொம்மையாகிவிடுகின்றான் அல்லவா என்னும் மறுப்பு இங்கு எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. தன் பழக்கத்தைத் தான் மாற்ற இயலாது என்று நம்பும் பிள்ளை மேலும் நம்பிக்கையிழக்கும். அதே நெருக்கடியில் வாழ்ந்தும் விளக்கை அணைத்து உறங்கச் செல்லும் மாணவரும், மதுவை மறுக்கும் இளைஞரும் உள்ளனர் என்பதும் உண்மையே.

பழியையும் ஆற்றலையும் வேறுபடுத்தி நோக்குமிடத்து இம்மறுப்புக்கு விடை கிடைக்கும். கால் முறிந்தவன் முறிவுக்குப் பழியேற்க வேண்டியதில்லை; ஆயினும் மீண்டும் நடக்கப் பயிலும் முயற்சி அவனுடையதே. அம்முயற்சிக்கு ஊன்றுகோல் கொடுப்பதும், வழியிற் கிடக்கும் கல்லை அகற்றுவதும் அருகிருப்போர் கடமை. கட்டிளமையோரின் பழக்கம் பற்றிய அறிவும் இவ்வாறே பயன்பட வேண்டும். வாழ்பவனின் கையில் அது கருவி. இறந்தவன் மீது எறியப்படும்போது அது கல். 'நேரத்துடன் உறங்கு, உன் வேதனை நாளை வேறு உருவிலே தோன்றக் கூடும்' என்று வாழும் பிள்ளைக்குக் கூறுவது அன்பு. அதே செய்தியை 'நேரத்துடன் உறங்கியிருந்தால் இறந்திருக்கமாட்டான்' என்று தாயிடம் கூறுவது கொடுமை.

இவ்வறிவு ஒற்றாடலாக மாறும் அபாயமும் உண்டு. பழக்க மாற்றம் ஆபத்தின் அறிகுறியாகலாம் என அறிந்த பெற்றோர் சிலர் தொலைபேசியைப் பறித்து, நாட்குறிப்பைத் திறந்து, கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி விடுவர். பிள்ளை அதனாற் காக்கப்படுவதில்லை. இன்னும் ஆழமாக ஒளியப் பழகிக்கொள்கின்றது. உறக்கம் மாறியது, உணவு குறைந்தது, விரும்பிய விளையாட்டைக் கைவிட்டது, நண்பரிடமிருந்து விலகியது என்பவை கண்டிக்கத்தக்க குற்றங்களாகா. பேச அழைக்கும் குரல்கள் அவை. அவற்றைக் கண்டவர் அருகே அமர்ந்து வினவுதல் வேண்டும். இறந்துபோக வேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா என்று நேரடியாகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வந்த விடையை உபதேசத்தால் மூடிவிடாது கேட்டிருத்தலும், அப்பிள்ளையைத் தனியே விடாது உதவிக்கு அழைத்துச் செல்லுதலும் அடுத்த கடமைகள். 1974 இல் தொடங்கப்பட்ட சுமித்திரயோ இத்தகைய செவிமடுத்தலையே தன் பணியாகக் கொண்டது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உதவிக்கு உண்டு.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைப் பெற்றோரையும் பாடசாலைகளையும் நோக்கியவையாக மட்டும் பல்கலைக்கழகச் சமூகம் வாசித்து அமைதல் தகாது. விடியற்காலை 5.30 மணி ரியூசன் வகுப்புக்களில் வெண்கட்டி பிடிப்போருள் பல்கலைக்கழக மாணவரும் பட்டதாரிகளும் உளர். பரீட்சையின் பெறுபேறே மனிதனின் பெறுமதி என்னும் வழக்கம் நிலைபெறுவதற்கு, அப்பரீட்சையில் வென்றவர் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டமையும் ஒரு காரணமாகும்.

இன்னுமொன்று இதனினும் அண்மையிலுள்ளது. வீட்டையும் ஊரையும் விட்டு முதன்முதலாக விடுதிக்கு வரும் புதுமுக மாணவன் கட்டிளமையின் விளிம்பில் நிற்பவன். அவனை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்து, உண்ணவிடாது அலைக்கழித்து, பலர் முன்னிலையில் இழிவுபடுத்தி, மறுப்பவனை எல்லோரும் ஒதுக்கிவைக்குமாறு ஏவும் செயல் 'பகிடி' என்னும் இன்சொல்லால் வழங்கப்படுகின்றது. உறக்கமின்மை, தனிமை, துன்புறுத்தல் ஆகிய மூன்றையும் ஆய்வாளர் ஆபத்தின் காரணிகளாகப் பட்டியலிட்டுள்ளனர். பகிடிவதை அம்மூன்றையும் திட்டமிட்டு ஒருங்கே வழங்குகின்றது. தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய அதே 1998 ஆம் ஆண்டிலேயே, பகிடிவதையைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. வேதனைப்படுபவனிடமிருந்து வேதனை தருபவனுக்குக் குற்றத்தை இடம்மாற்றிய ஆண்டு அது எனலாம். சட்டம் இடம்மாற்றியதைச் சமூகத்தின் மனமும் இடம்மாற்றினாலன்றிப் பயனில்லை.

பழக்கத்துக்கும் இளையோர் தற்கொலைக்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு இறந்தவரின் குற்றப்பத்திரமன்று. வாழ்பவரின் கடமைப் பட்டியல். உறங்க விடுதல், விளையாட விடுதல், தோற்க விடுதல், பேசும்போது கேட்டல் என்னும் எளிய நான்கும் அப்பட்டியலில் முதலிடம் பெறுவன. இவற்றை வழக்கமாக்கும் பொறுப்பு மூத்தோருடையது. அவ்வாறு வழக்கமானவை பிள்ளைகளிடம் தாமே பழக்கமாகும். அடுத்த பந்தலின் கீழ் அமர நேருபவர், 'அவனுக்கு என்ன பழக்கம் இருந்தது?' என்று வினவுமுன், 'அவன் விழித்திருந்த அந்த இரவுகளில் யார் அவனோடு பேசினர்?' என்று தம்மையே வினவிக்கொள்வாராயின், மற்றொரு பிள்ளையின் அறைக் கதவை அன்றிரவே ஒருவர் மெல்லத் தட்டக்கூடும்.